கிருபைக்குள் வந்தபின் கட்டளை எதற்கு?

சபையில் ஓய்வுநாள், பஸ்கா என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்: “கிருபையால் மீட்கப்பட்டவனுக்கு மோசேயின் சட்டம் எதற்குங்க?” கேட்பவர் பெரும்பாலும் வேதத்தை நன்றாகப் படித்தவராகவே இருப்பார். ரோமரும் கலாத்தியரும் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தடுமாறாமல் பதில் சொல்லவும், அந்தச் சட்டமான தோராவின் கட்டளைகளை எங்கிருந்து கைக்கொள்ளத் தொடங்குவது என்று தெரிந்துகொள்ளவும் இந்த அத்தியாயம் உதவும்.

முதலில் வேதம் சொல்லும் வரிசையைப் பாருங்கள். எகிப்தைவிட்டுப் புறப்படும் இரவு யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. செங்கடல் 14-இல். சீனாய் மலை அதற்கெல்லாம் பிறகு, மூன்றாம் மாதத்தில், 19-ஆம் அதிகாரத்தில். செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகள் கட்டளைகளை ஒழுங்காகக் கைக்கொண்டு, அதற்குக் கூலியாக விடுதலை வாங்கவில்லை. வெளியே கொண்டுவரப்பட்ட பிறகுதான் கட்டளை வந்தது. பத்துக் கட்டளைகளும் மீட்டவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகின்றன. ஆகவே தோரா எந்தக் காலத்திலும் உள்ளே வருவதற்கான நிபந்தனையாக இருந்ததில்லை. உள்ளே வந்துவிட்ட குடும்பத்துக்கு அது வீட்டு ஒழுங்கு.

இது மனதில் ஊன்றாமல் ஓய்வுநாளையோ உணவு விதிகளையோ தொடாதீர்கள். கிருபையை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் பிடித்துக்கொண்டவர்களில் சிலர் ஊரையே எடைபோடும் கடுமைக்காரர்கள் ஆகிறார்கள். மற்றவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துபோய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

இயேசு வாழ்ந்த விதம்

மலைப்பிரசங்கத்தில் இயேசு, நியாயப்பிரமாணத்தை ஒழிக்க வரவில்லை என்பதோடு நிறுத்தவில்லை (மத்தேயு 5:17-19). வானமும் பூமியும் நிலைக்கும்வரை அதில் ஒரு சின்ன எழுத்தும் விழாது என்றார். மிகச் சிறிய கட்டளையைத் தளர்த்தி, அப்படியே மற்றவர்களுக்கும் கற்பிக்கிறவருக்குப் பரலோக ராஜ்யத்தில் எந்த இடம் என்பதையும் சொன்னார். வானமும் பூமியும் இன்னும் இருக்கின்றன.

அவர் வாழ்க்கையும் அப்படியே. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருடைய வழக்கம் என்கிறார் லூக்கா (4:16). பெரும்பாடுள்ள பெண் தொட்ட அந்த வஸ்திர ஓரம், எண்ணாகமம் 15 கட்டளையிடும் தொங்கல் இருந்த ஓரம். குஷ்டரோகியைச் சுகமாக்கியதும், மோசே சொன்ன காணிக்கையைச் செலுத்த ஆசாரியனிடம் போகச் சொன்னார். ஓய்வுநாளைப் பற்றிப் பரிசேயரோடு அவருக்கு நடந்த வாக்குவாதங்களைக் கவனித்துப் படியுங்கள். ஓய்வுநாள் முடிந்துபோனது என்று ஓர் இடத்திலும் அவர் சொல்வதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவீர்களே, எட்டாம் நாள் ஓய்வுநாளாக வந்தாலும் விருத்தசேதனம் செய்வீர்களே என்று சட்டத்துக்குள் நின்றே வாதாடுகிறார். உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே ஓய்வுநாள் விலகிக்கொள்ளும் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் சொல்கிறது. 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் பிரசவ வார்டு நர்ஸும் சனிக்கிழமை வேலைக்குப் போகலாமா என்று தயங்க வேண்டியதில்லை. போகலாம், போகவும் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிக அழுத்தமாகப் படுவது லூக்கா 23-ஆம் அதிகாரத்தின் முடிவு. அது ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள் கல்லறையையும் உடல் வைக்கப்பட்ட விதத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய், கந்தவர்க்கங்களையும் பரிமள தைலங்களையும் ஆயத்தம் பண்ணுகிறார்கள். தங்கள் கையால் செய்ய நினைத்தது இன்னும் நடக்கவில்லை. கல்லறையோ நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஓய்வுநாள் தொடங்கிவிட்டதால் கட்டளைப்படி ஓய்ந்திருக்கிறார்கள். விடிந்து, பகல் முழுவதும் கழிந்து, மறுநாள் அதிகாலையில்தான் புறப்படுகிறார்கள். இயேசுவோடு ஊர் ஊராக நடந்து, அவருக்குச் சமைத்துப்போட்டு, அவர் பேச்சை எல்லாம் கேட்டவர்கள் இவர்கள். ஓய்வுநாள் இனி வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் துக்கத்தில், அந்தச் சனிக்கிழமை காலையில் அவர்களை வீட்டில் யார் பிடித்து வைத்திருக்க முடியும்? லூக்கா இதை எழுதும்போது பல வருஷங்கள் ஓடிவிட்டன. கிரேக்கப் பெயருள்ள தெயோப்பிலுவுக்கு எழுதுகிறார். அந்தப் பெண்கள் அறியாமையால் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு விளக்கமும் அவர் சேர்க்கவில்லை.

சீடர்களும் அவர் போனபின் விட்டுவிடவில்லை. கொர்நேலியுவின் வீட்டுக்குப் போகும் காலம்வரை அசுத்தமான எதையும் தின்றதில்லை என்று பேதுரு சொல்கிறார். பவுல் கெங்கிரேயாவில் பொருத்தனைக்காகத் தலைமயிரைக் கத்தரிக்கிறார். புளிப்பில்லாத அப்பப் பண்டிகை முடிந்த பிறகே பிலிப்பியிலிருந்து கப்பல் ஏறுகிறார். பெந்தெகொஸ்தேக்கு எருசலேமில் இருக்க வேண்டுமென்று அவசரப்படுகிறார். அங்கே போய்ச் சேர்ந்ததும், விசுவாசித்த யூதர் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமானவர்கள் என்று யாக்கோபும் மூப்பர்களும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள் (அப்போஸ்தலர் 21:20). பவுல் மோசேயை விட்டுவிடச் சொல்கிறார் என்ற வதந்தியைப் பொய்யாக்க, நான்கு பேரின் பொருத்தனைச் செலவை அவரே ஏற்று ஆலயத்துக்குள் போகிறார்.

எருசலேம் கூட்டத்தின் நான்கு விலக்குகள்

எதிர்வாதம் செய்கிறவருடைய கையில் உள்ள வலுவான அதிகாரம் அப்போஸ்தலர் 15. புறஜாதியிலிருந்து வந்தவர்களுக்கு எருசலேம் கூட்டம் விதித்தது நான்கே விலக்குகள்: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். ஓய்வுநாள் அதில் இல்லை, பன்றி இல்லை, விருத்தசேதனமும் இல்லை.

இதை மழுப்பக் கூடாது. ஆனால் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊருக்கு ஊர் மோசேயின் புத்தகம் ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வருகிறது என்று யாக்கோபு காரணம் சொல்கிறார் (15:21). புதிதாக வந்தவர்கள் இந்த நான்கையும் இன்றே நிறுத்தட்டும், மற்றதை வாரந்தோறும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நான்கோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டால் பெற்றோரைக் கனம்பண்ணுவதும் திருடாதிருப்பதும் பட்டியலில் இல்லையே, அவற்றையும் விட்டுவிடலாமா?

அதற்காக, யூதருக்குச் சொன்ன எல்லாமே நமக்கும் அதே அளவில் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம் தரப்பில் பலர் சறுக்குவது இங்கேதான். தோராவே எல்லார் மேலும் எல்லாவற்றையும் வைக்கவில்லை. லேவியருக்கு ஒன்று, ராஜாவுக்கு ஒன்று, நசரேயனுக்கு ஒன்று. தானாய்ச் செத்ததை இஸ்ரவேலர் தின்னக் கூடாது, வாசலில் தங்கும் அந்நியனுக்குக் கொடுக்கலாம் என்கிறது உபாகமம் 14:21. விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்கா ஆட்டைப் புசிக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம் 12:48. மறுபக்கம், ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் அந்நியரைத் தம்முடைய மலைக்கே வரவழைத்து மகிழச் செய்வதாக ஏசாயா 56-இல் ஆண்டவர் வாக்குக் கொடுக்கிறார். என் முடிவு இது: புறஜாதியிலிருந்து வந்த சீடர் யூதராக மாற வேண்டாம், விருத்தசேதனத்தைத் தேடிப் போகவும் வேண்டாம். தாய்வழியில் யூதனான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்த பவுல், கிரேக்கனான தீத்துவுக்கு அதை மறுத்தார். ஆனால் ஓய்வுநாள், உணவு, பண்டிகை, கூலி, எடைக்கல், இரக்கம் ஆகியவற்றில் இஸ்ரவேலின் தேவனை வணங்குகிறவர் இஸ்ரவேலோடு சேர்ந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

நடுவில் எங்கே விட்டோம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். எபேசு, சிமிர்னா பக்கத்துச் சபைகள் யூத மாதமான நிசானின் 14-ஆம் நாளிலேயே பஸ்காவை ஆசரித்தன. சிமிர்னாவின் பிஷப் பொலிக்கார்ப்பு கி.பி. 155-ஐ ஒட்டி ரோமுக்குப் போனபோது, அங்குள்ள பிஷப் அனிசேத்துவோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. இருவரும் சமாதானமாகவே பிரிந்தார்கள். 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டார். 325-இல் நிசேயா கூட்டம் பஸ்காத் தேதியை யூதரின் கணக்கிலிருந்து பிரித்தது. நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் லவோதிக்கேயா கூட்டம், சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் கிறிஸ்தவர்களைக் கண்டித்து விதி எழுதியது. அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் என்ற போதகர் 386-இல் தொடங்கி, யூதப் பண்டிகைகளுக்குப் போகும் தம்முடைய சபையாரைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். அந்தப் பிரசங்கங்களில் யூதரைப் பற்றி அவர் சொன்னவை பின்னால் எத்தனை அட்டூழியங்களுக்குத் துணைபோயின என்பது வேறு கதை, வெட்கப்பட வேண்டிய கதை. நமக்கு இங்கே வேண்டியது இதுதான்: முந்நூறு வருஷம் கழித்தும் விதி போட்டுத் தடுக்கும் அளவுக்குச் சாதாரண விசுவாசிகள் ஓய்வுநாளைக் கைக்கொண்டிருந்தார்கள்.

எத்தியோப்பியாவில் அந்த வழக்கம் பின்னாலும் தொடர்ந்தது. பேரரசர் ஸாரா யாக்கோப் காலத்தில், 1450-இல் தெப்ரே மித்மாக்கில் கூடிய மாநாடு, ஞாயிறோடு சனிக்கிழமையையும் ஓய்வுநாளாக உறுதிசெய்தது. அந்தச் சபையார் இன்றும் பன்றி இறைச்சி தொடுவதில்லை.

நம்முடைய மண்ணிலும் இது புதிதல்ல. 1857-இல் திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், ஆங்கிலேய மிஷனரிகளைவிட்டுப் பிரிந்து இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தூபம் என்று அவர் தோராவைத் திறந்துவைத்துக்கொண்டு வழிபாட்டை அமைத்தார். வேதத்தின் வழிபாடு ஐரோப்பியச் சடங்கைவிட நம்முடைய பழக்கவழக்கத்துக்கு நெருக்கமானது என்பது அவர் வாதம். அதில் மிஷனரிகளோடு ஏற்பட்ட பகையும் சாதிப் பெருமையும் கலந்திருந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் ஐரோப்பியர் சுட்டிக்காட்டாமலே ஒரு தமிழர் வேதத்தைப் படித்து இந்த முடிவுக்கு வந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

அடிக்கடி எடுத்துக் காட்டும் வசனங்கள்

மாற்கு 7: அங்கே வாக்குவாதம் கைகழுவாமல் அப்பம் தின்பதைப் பற்றியது. மத்தேயு அதே சம்பவத்தைக் கைகழுவாமல் சாப்பிடுவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்றே முடிக்கிறார். அங்கே பன்றி மேசைக்கு வரவே இல்லை.

அப்போஸ்தலர் 10, துப்பட்டியில் இறங்கிய மிருகங்கள்: பேதுருவே அர்த்தம் சொல்லிவிட்டார். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதென்று அவருக்குக் காட்டப்பட்டது. அவர் எழுந்து போய்ச் சமைத்துச் சாப்பிடவில்லை, கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனார்.

ரோமர் 14-இல் வரும் ‘காய்கறி மட்டும்’ சாப்பிடுகிறவர் தோராவைக் கைக்கொள்ளுகிறவர் அல்ல, தோரா யாரையும் சைவமாக்கவில்லை. கலாத்தியர் முழுக்க, விருத்தசேதனம் செய்தால்தான் தேவனுடைய குடும்பத்தில் சேர்க்கை என்று சொன்னவர்களுக்கு எதிரானது. அவர்களை எதிர்ப்பதில் நாமும் பவுலின் பக்கம்தான்.

கொலோசெயர் 2:16-ஐ இரண்டு தரப்பும் இழுக்கும். ஓய்வுநாளைக் கைக்கொள்ளவில்லை என்று யாரும் குறைசொல்ல வேண்டாம் என்கிறாரா, கைக்கொள்ளுகிறாய் என்று யாரும் குறைசொல்ல வேண்டாம் என்கிறாரா? வசனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

நமக்கு மிகக் கடினமானது எபிரெயர் 8. பழைய உடன்படிக்கை நாள்பட்டு மறையப் போகிறது என்கிறது அது. ஆசாரியத்துவத்தையும் பலியையும் பற்றிய நீண்ட வாதத்தின் நடுவில் வரும் பேச்சு அது. அங்கே எடுத்தாளப்படுவது எரேமியா 31. புது உடன்படிக்கையில் இருதயத்தில் எழுதப்படுவது வேறு எதுவுமல்ல, அதே பிரமாணம்தான் என்று எரேமியா சொல்கிறார். இந்த விளக்கத்தால் எல்லாரும் திருப்தியடைய மாட்டார்கள். நானே இதை வாதத்தின் கடைசியில்தான் வைப்பேன்.

எவை இன்று கைக்கொள்ளக்கூடியவை

613 கட்டளைகள், அவற்றில் 248 ‘செய்’, 365 ‘செய்யாதே’ என்பது யூத ரபிகளின் நூலான தல்மூத்தில் வரும் கணக்கு. அதைக் கேட்டதும் மலைக்காதீர்கள். 70-ஆம் ஆண்டு ஆலயம் இடிந்ததிலிருந்து பலி, ஆசாரியர், ஆலயத் தீட்டு தொடர்பானவை நிற்கின்றன. இஸ்ரவேல் நிலத்தில் மட்டும் செல்லுபடியாகும் பயிர்க் கட்டளைகள் தனி. நியாயாதிபதிகளுக்குரிய தண்டனைகளை நாம் எடுத்துச் செய்வதற்கில்லை, செய்யவும் கூடாது. 1933-இல் மறைந்த ரபி இஸ்ரவேல் மேயிர் ககான், எந்த நாட்டில் இருக்கும் யூதரும் இன்று கைக்கொள்ளக்கூடியவற்றைத் தொகுத்தபோது, 77 ‘செய்’, 194 ‘செய்யாதே’ என்று வந்தது. அவற்றிலும் பெரும்பகுதி, நல்ல கிறிஸ்தவக் குடும்பம் ஏற்கெனவே செய்துவருவதுதான்.

அதனால் யாரும் மறுக்க முடியாத இடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறதா? கூலிக்காரன் கூலி விடியும்வரை உங்களிடம் தங்கக் கூடாது (லேவியராகமம் 19:13). கடை வைத்திருக்கிறீர்களா? தராசைச் சோதியுங்கள். மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் பட்டத்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளை விழும்முன் கட்டுங்கள். புது வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்வது உபாகமம் 22:8. பன்றியை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்பவர் சித்தாளின் கூலியை இரண்டு வாரம் இழுத்தடித்தால், புதினாவில் தசமபாகம் கொடுத்த பரிசேயரிடம் இயேசு என்ன சொன்னாரோ (மத்தேயு 23:23) அதுதான் அவருக்கும். அங்கேயும் இயேசு, பெரியதைச் செய், சிறியதையும் விடாதே என்றுதான் சொன்னார் என்பதை மறக்க வேண்டாம்.

ஓய்வுநாள்

ஓய்வுநாள் மாலையிலிருந்து மாலைவரை: வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை. நம்முடைய ஊர்களில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான் என்பதால் பழகுவது எளிது. யூத வீடுகளில் மறைவுக்குப் பதினெட்டு நிமிடம் முன்னதாக விளக்கேற்றுவார்கள். அந்த இடைவெளி நல்ல பாதுகாப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுநாள் சரியாக அமைவதும் கெடுவதும் வெள்ளி மதியத்தில். மாவு அரைத்தாகிவிட்டதா, தண்ணீர் கேன் வந்ததா, சனிக்கிழமைக்கு உடுத்தும் துணி இஸ்திரி போட்டாயிற்றா, பிள்ளையின் மருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மன்னாவை வெள்ளிக்கிழமை இரண்டு மடங்காகச் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான். நம் சமையலில் இதற்கென்றே செய்தமாதிரி பண்டங்கள் இருக்கின்றன: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நான்கு நாள் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன நம் பாட்டிமார்களுக்கு ஒருநாள் அடுப்பு மூட்டாமல் இருப்பது ஒரு விஷயமே அல்ல. வெந்நீரையும் காப்பி டிகாக்ஷனையும் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுங்கள். வெள்ளி மதியம் முழுவதையும் அம்மா ஒருத்தியே சுமந்தால் அந்த வீட்டில் ஓய்வுநாள் நிலைக்காது. அப்பா கறிகாய் நறுக்கட்டும், பெரிய பிள்ளை வீடு பெருக்கட்டும்.

வாங்குவது, விற்பது இரண்டும் நிற்கட்டும். நெகேமியா எருசலேம் வாசற்கதவுகளை அடைத்து வியாபாரிகளை நிறுத்தினார். இன்று வாசல் செல்போனில் இருக்கிறது. நாம் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு பையனை வெயிலில் பைக்கில் பிரியாணி கொண்டுவரச் சொல்வது ஓய்வுநாள் ஆகாது. கட்டளை, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் வாசலில் உள்ள அந்நியனுக்கும் சேர்த்தே ஓய்வு கேட்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சனிக்கிழமை விடுப்புக் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

லைட் சுவிட்சைத் தட்டலாமா, லிப்டில் ஏறலாமா என்பதில் முதல் வருஷத்தைச் செலவழிக்க வேண்டாம். வேலை என்பதை முப்பத்தொன்பது வகையாக மிஷ்னா பிரிக்கிறது. அதைப் பிறகு ஆற அமரப் படிக்கலாம். சமையல், சம்பாத்தியம், கடைகண்ணி மூன்றையும் நிறுத்துங்கள், போதும்.

அலுவலகத்தில் சனிக்கிழமை வேலை உண்டென்றால், உடனே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். ஞாயிறு டியூட்டியை நான் பார்க்கிறேன், சனிக்கிழமை விடுங்கள் என்று கேளுங்கள். ஞாயிறு டியூட்டிக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் மேலாளர்கள் நிறைய. வங்கியில் வேலை என்றால் இரண்டாம், நான்காம் சனி ஏற்கெனவே விடுமுறை, பாதி வழி வந்தாயிற்று. பிள்ளைக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால், பள்ளி திறக்கும் ஜூன் மாதமே தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பணிவாகச் சொல்லிவிடுங்கள், தேர்வுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

கட்டட வேலைக்கு ஆள் வைத்திருப்பவருக்கு ஒரு சிக்கல் வரும். நம் பக்கம் வாரக் கூலியைச் சனிக்கிழமை மாலைதான் பட்டுவாடா செய்வார்கள். அன்று பணத்தை எண்ணிக் கொடுத்தால் ஓய்வுநாள் போகிறது, ஞாயிற்றுக்குத் தள்ளினால் கூலிக் கட்டளை போகிறது. வெள்ளி மாலை நான்கு மணிக்கே கொடுத்துவிடுங்கள். மேஸ்திரி முதலில் முறைப்பார், வெள்ளியே பணம் வாங்கினால் சனிக்கிழமை ஆள் வரமாட்டான் என்பார். சனிக்கிழமை உங்கள் தளத்தில் வேலையே இல்லையே! கொங்கணக் கரையில் செக்கு ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேல் யூதரை அக்கம்பக்கத்தார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றுதான் அழைத்தார்கள். அந்த நாளில் செக்கு ஓடாது என்பது ஊருக்கே தெரியும். உங்கள் கொத்தனாருக்கும் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூடி ஜெபிக்கக் கூடாது என்று தோராவில் எங்கும் இல்லை. முதல் விசுவாசிகள் தினமுமே ஆலயத்தில் கூடினார்கள்.

அடுப்படி

லேவியராகமம் 11-ஐ மீன் சந்தைக்குக் கையோடு கொண்டுபோங்கள். செதிலும் துடுப்பும் இரண்டும் வேண்டும். சங்கரா, மத்தி, அயிலை, கொடுவா, விரால், கெண்டை, கட்லா தாராளமாக வாங்கலாம். வஞ்சிரத்தின் செதில் மிகப் பொடி. வெட்டுகிறவர் சுரண்டும் முன் வாலருகிலும் துடுப்புக்கு அடியிலும் நகத்தால் நெருடிப் பாருங்கள், தட்டுப்படும். வவ்வாலும் அப்படியே. நெத்திலியின் செதில் வலையிலேயே உதிர்ந்துவிடும். அப்படிப்பட்டதும் ஆகும் என்று ரபிகள் அனுமதித்திருக்கிறார்கள். வாளை, கெளுத்தி, விலாங்கு, திருக்கை ஆகாது. சுறாவும் ஆகாது. அதன் தோல் உப்புத்தாள்போலச் சொரசொரவென்றிருக்கும், ஆனால் தோலைக் கிழிக்காமல் ஒரு செதிலும் கையோடு வராது. பிள்ளை பெற்ற மகளுக்குச் சுறாப்புட்டு செய்து கொண்டுவரும் மாமியாரிடம் இதை விளக்குவது இந்த நூலில் உள்ளதிலேயே கடினமான காரியம். பேறுகாலத்துக்கு முன்னமே, பூண்டுக் குழம்பு போதும் அத்தை என்று சொல்லி வையுங்கள். இறால், நண்டு, கணவாய், சிப்பி நான்கும் போய்விடும். நண்டு ரசத்துக்காக வருந்துகிறவர்களுக்கு என் அனுதாபம்.

ரத்தப் பொரியல் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அது அப்போஸ்தலர் விதித்த நான்கிலேயே அடங்கும், மோசேயை ஏற்காதவருக்கும் விலக்குத்தான். நாட்டுக்கோழியைக் கழுத்தைத் திருகிக் கொல்வதும் அப்படியே. கழுத்தறுத்து ரத்தம் வடியவிட்ட கறியாக வாங்குங்கள். பாய் கடைகளில் அப்படித்தான் அறுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல்லுப்பில் புரட்டிச் சாய்வான தட்டில் வடியவிட்டு, மூன்று முறை அலசுவது யூதர் வழக்கம். குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள். பிரியாணிக்குக் கறியைத் தயிரில் ஊறவைக்கலாமா என்று கேட்பார்கள். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்பதைப் பாலும் இறைச்சியும் சேரவே கூடாது என்று விரித்தவர்கள் ரபிகள். யூதர் அதை மதித்து நடக்கட்டும், உங்கள் மேல் அதைச் சுமத்த மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் படையலும் கோயில் கிடா விருந்தும் வரும். படைத்தது என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். முகம் சுளித்துச் சொல்லக் கூடாது. கொடுத்தவர் எதிரிலேயே தட்டைத் திருப்பித் தள்ளுவதைவிட, வருஷத்தில் ஒரு சாதாரண நாளில் உட்கார்ந்து, நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை, மற்றபடி உங்கள் வீட்டுச் சோறு எங்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லி வைப்பது நல்லது. கடையில் விற்பதைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார்.

பண்டிகைகள்

பஸ்கா அடுத்த அத்தியாயம் முழுக்க வருகிறது. இப்போதைக்கு ஒன்று மட்டும். புளிப்பில்லாத ஏழு நாளில் இட்லி ஆகுமா என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. ரபிகளின் விதிப்படி புளித்தமா என்பது கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களில் மட்டும். அரிசியும் உளுந்தும் அதில் சேராது. ஐரோப்பிய யூதர்கள் அரிசியையும் பருப்பையும் தவிர்ப்பார்கள், கிழக்கத்திய யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள். ஆகவே விதிப்படி இட்லி ஆகும். ஆனாலும் பொங்கிய மாவைப் பார்த்துக்கொண்டு புளிப்பில்லாத பண்டிகை கொண்டாடுவது பிள்ளைகளுக்குக் குழப்பம் என்று நான் அந்த வாரம் சோறும் இடியாப்பமும் போதும் என்பேன். மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாம் வெளியே போக வேண்டும். பலர் கவனிக்காதது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள்.

கூடாரப் பண்டிகை ஐப்பசி மழையோடு சேர்ந்து வரலாம். மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு மழை விட்ட நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். நனைந்துகொண்டு உட்காரச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை, யூதரும் மழை வந்தால் உள்ளே போய்விடுவார்கள்.

செய்ய வேண்டாதவை

எபிரெயப் பெயர் வைத்துக்கொள்வது, தலையில் குல்லாவும் தோளில் யூத ஜெபச் சால்வையும் போட்டுக்கொண்டு சபையில் நடப்பது, இணையத்தில் வாங்கிய கொம்பு எக்காளத்தை ஆராதனை நடுவில் ஊதுவது, இவையெல்லாம் வேண்டாம். அது யூதருக்கும் மரியாதை அல்ல, உங்கள் போதகருக்கும் நல்லதல்ல. பன்றி சாப்பிடும் மாமாவின் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காருங்கள், சோறும் சாம்பாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஏன் என்று அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வீட்டில் மனைவிக்கோ கணவனுக்கோ இதில் உடன்பாடு இல்லையென்றால், உங்கள் தட்டையும் உங்கள் சனிக்கிழமையையும் மட்டும் மாற்றுங்கள், அவருடையதைத் தொடாதீர்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும்முன் இரண்டு வேலை: உங்கள் ஊருக்கு இந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.